இசைத்தட்டில் எங்கள் மோட்டார்

நன்னிலத்திலிருந்து வந்த கூரியர்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சதுர அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். கனமே இல்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் நெதர்லாந்து என்று இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு சாக்லேட் டப்பாகூட அனுப்பத் தோன்றாத மனுஷன் பெட்டி அனுப்பியிருக்கிறானே என்று, பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் கத்தரிக்கோலைத் தேடினேன். உள்ளே இருந்தது ஒரு இசைத்தட்டு. கறுப்பாக, பெரிய தோசை அளவில். அதைப் போட்டுக் கேட்கிற பெட்டி எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எங்கள் ஊரிலேயே யாரிடமும் இல்லை. உறையின் மேல் ஒரு படம் போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை பச்சை, நடுவில் நேராக ஒரு வாய்க்கால், அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு செங்கல் கட்டடம். மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி இடது கையால் அதை வாங்கிப் பார்த்தார்.

"நம்ம... பேரளம் ரோடு... மாதிரில்ல இருக்கு" என்றார்.

மாமா என்றால் என் புருஷன் பரணியின் அப்பா, பஞ்சநதம். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசக் காலையில் நடை வண்டி கவிழ்ந்த மாதிரி வாசலில் சாய்ந்தார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இப்போது பேச்சு திரும்பியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகக் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டுவருவார். அந்தக் காலத்துப் பியூசி படித்தவர். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் விடமாட்டார். உறையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து வாசித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். முகத்தில் சரியாக வேலை செய்கிற பாதி மலர்ந்தது.

"ஏம்மா... உம் பேரு... போட்டுருக்கு!"

நான் நம்பவில்லை. வாங்கிப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. குரல்: செம்மொழி பரணிதரன். எழுத்துப்பிழைகூட இல்லை. எங்கப்பா கட்சி அபிமானத்தில் வைத்த பேரைப் பள்ளிக்கூட வாத்தியார்களே தப்பாக எழுதுவார்கள், வெள்ளைக்காரன் சரியாக அச்சடித்திருக்கிறான்.

"பாட்டெல்லாம்... பாடுவியா நீ? எங்கிட்ட... சொல்லவே இல்ல பாரு" என்று மாமா சிரித்தார். நான் பாடினதே இல்லை. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டுக்கே வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தவள். வேறு யாருடைய குரலுக்கோ என் பேரைப் போட்டுவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த இசைக்குழுவைப் பற்றி எனக்குத் தெரியும். பரணி உட்ரெக்ட் என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். அவன் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் வீட்டில் நாலு டச்சுப் பையன்கள் இருக்கிறார்கள். மூத்தவனுக்கே இருபத்து மூன்றுதான். 'ஈரக் கால்கள்' என்று அர்த்தம் வருகிற ஏதோ ஒரு பேரில் குழு வைத்திருக்கிறார்கள். ப்ராக்ரஸிவ் ராக் என்று ஒரு வகையாம். பாட்டு பதினைந்து நிமிஷம், இருபது நிமிஷம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும். பரணி கல்லூரியில் கீபோர்டு வாசித்தவன். அதைப் பிழைப்பாக்க முடியாத ஏக்கம் அவனுக்கு உண்டு. அதனால் சனி ஞாயிறில் அவர்களோடு உட்கார்ந்து ஒலிப்பதிவு வேலையெல்லாம் செய்துகொடுத்தான். மூன்று வருஷமாக அந்த ஆல்பம் கதையையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் நாடு கடலுக்குக் கீழே இருக்கிறதாம். இரவும் பகலும் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒருநாள் இறைக்கிற இயந்திரம் நின்றுபோனால் என்னவாகும் என்பதுதான் ஆல்பம் முழுக்கக் கதையாம். நாங்கள் மேட்டூரில் எப்போது திறப்பான் என்று வானத்தைப் பார்க்கிறோம், அங்கே தண்ணீரை வேண்டாம் என்று கொட்டுகிறான், கொடுத்து வைத்தவர்கள் என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

என் குரல் எங்கிருந்து போயிருக்கும் என்று யோசிக்க யோசிக்க எனக்கு ஒரே ஒரு இடம்தான் தோன்றியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல், வயலின் மூலையில் மோட்டார் கொட்டகை. ஏழரை குதிரைத்திறன் மோட்டார், பழசு. ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கான திரீ பேஸ் கரண்ட் எப்போதும் இருக்காது, காலையில் ஒன்பது மணிக்கு வந்து மதியம் போய்விடும். மாமா படுத்த பிறகு வயல், மாடு, கொட்டகை எல்லாம் என் தலையில் விழுந்தது. அத்தை செத்து ஒன்பது வருஷமாகிறது. பரணியின் தங்கை ஈஸ்வரி தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் இருக்கிறாள். மாமா விழுந்தபோது நாலு நாள் வந்து, நாலாயிரம் யோசனை சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று போனவள். பரணி பன்னிரண்டு நாள் வந்தான். விசா, வேலை, பெர்மிட் என்று ஏதேதோ சொல்லிவிட்டுப் போனான். ஓட்டு வீட்டில் ஒரு அறையில் பேசினால் எல்லா அறையிலும் கேட்கும். மாமாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது போகவில்லை. அதனால் நான் அழவும் திட்டவும் கரண்ட் வருகிற நேரத்துக்காகக் காத்திருப்பேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகைக்குள் உட்கார்ந்து, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பரணிக்கு வாய்ஸ் மெசேஜ் பேசுவேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் அவனுக்கு 'ங்க' போடுகிற நான் அங்கே 'டா' போடுவேன். கேட்டதும் அழித்துவிடு என்று ஒவ்வொன்றிலும் சொல்வேன். அழிச்சிட்டேன் என்று அவனும் எழுதுவான். பதில் என்று வருவது அவ்வளவுதான், சில நாள் கூடவே ஒரு இதயப் படம்.

அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்திலும் குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"வந்துடுச்சா? பேரு பாத்தியா? சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"என் குரல் எப்படிடா அதுல வந்துச்சு?"

"நீ மோட்டார் கொட்டகையிலேந்து பேசுவியே, அதுல ஒன்னு. அவனுங்களுக்கு மொதல்ல மோட்டார் சத்தம்தான் வேணும்னு சொன்னானுங்க. அப்பறம் அவனுங்கள்ல யோரிஸ்னு ஒருத்தன் உன் வாய்ஸக் கேட்டான். அழுதுட்டான் தெரியுமா? வார்த்தையே வேணாம், இந்த வாய்ஸ்ல எல்லாமே இருக்குன்னான்."

"அழிச்சிட்டேன்னு சொன்னியே."

"அழிக்க மனசு வரல செம்மொழி. உன் குரல் இல்லையா?" என்றான். எவ்வளவு அழகான பதில். வேறு ஏதாவது ஒரு விஷயத்துக்குச் சொல்லியிருந்தால் நானும் உருகியிருப்பேன். எந்த மெசேஜ், நான் அதில் என்ன பேசினேன் என்று கேட்டேன். அவனுக்கு நினைவில்லை. "ஏதோ டென்ஷன்ல பேசியிருந்த. மிக்ஸ் பண்றப்ப நூறு தடவையாவது கேட்டிருப்பேன், கேட்டுக் கேட்டு இப்ப வெறும் சவுண்டாத்தான் தெரியுது" என்று சிரித்தான்.

அந்த மெசேஜ்களை அனுப்பிய நாட்களில் நான் நினைத்துக்கொண்டது என்னவென்றால், பாவம், அவனுக்கு வேலை, நாலு நிமிஷ மெசேஜை முழுசாகக் கேட்க நேரமிருக்காது, கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் இருப்பானா என்று. அப்படி நினைத்துத்தான் அவன்மேல் வந்த கோபத்தையெல்லாம் விழுங்கினேன். இவன் என்னடாவென்றால் நூறு தடவை கேட்டிருக்கிறான். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறான்.

அவன் அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷம். கித்தார் வந்தது, ஆர்கன் வந்தது, டிரம்ஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. குற்றம் சொல்லக்கூடாது, பையன்கள் நன்றாகத்தான் வாசித்தார்கள். பத்து நிமிஷம் போனதும் எல்லாம் அடங்கி, தூரத்தில் எங்கள் மோட்டார் கேட்டது. சத்தியமாக எங்கள் மோட்டார்தான். அப்போது அதன் பேரிங் போயிருந்தது, கீச்சுக் குரலில் ஒரு அழுகை இருக்கும், அதுவும் இருந்தது. பதினோராவது நிமிஷத்தில் மோட்டார் மெல்ல மெல்லப் பின்னால் போனது. அதை எப்படித்தான் பிரித்து எடுத்தார்களோ, நான் எந்தச் சத்தத்தை நம்பி அத்தனையும் பேசினேனோ அந்தச் சத்தத்தை நீக்கிவிட்டு என்னைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள்.

"என்னால முடியலடா பரணி. உங்கப்பாவுக்கு வச்ச ஆள் வேலைய வுட்டு நின்னு எட்டு நாளாச்சு. இன்னிக்கு மட்டும் மூணு தடவ துணி மாத்திட்டேன். உங்கப்பா பாக்குறாரு, பாக்குறாரு, பாத்துக்கிட்டே இருக்காரு. அவரு போய்ச் சேந்தா தேவலன்னு இருக்குடா. இன்னிக்கு கஞ்சி ஊட்டுறப்ப பொரையேறிச்சு. கண்ணு ரெண்டும் வெளில வருது. நான் தண்ணி எடுக்கப் போவல. சும்மா நின்னேன். கேக்குதா? சும்மா நின்னேன்டா."

அதோடு விடவில்லை. 'சும்மா நின்னேன்' என்பதை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். சும்மா நின்னேன், சும்மா நின்னேன், சும்மா நின்னேன். என் குரல் ஏறுகிற இடத்தில் கித்தாரும் ஏறியது, இறங்குகிற இடத்தில் கூடவே இறங்கியது. நான் போனைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கினேன்.

அது நடந்தது மாமா விழுந்த வருஷத்து ஆடி மாசம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். அதன் பிறகு பயம் வந்து, ஓடிப்போய் அவரைக் குப்புறச் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். கஞ்சி வெளியே வந்தது. அதற்கு இரண்டு மாசம் கழித்து மாமாவுக்கு முதல் வார்த்தை வந்தது. மகன் பேரில்லை, மகள் பேரில்லை, "மோட்டாரு" என்றார். பேரிங் சத்தத்தைக் காட்டி, மாற்று என்று சொல்ல வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து முதல் தடவையாகச் சிரித்தேன். பேச்சு இன்னும் கொஞ்சம் வந்ததும் அவர் எல்லோரிடமும் சொன்ன முதல் கதை அந்தப் புரையேறின கதைதான். "அன்னிக்கு... நான் போயிருப்பேன். இவதான்... முதுகுல நாலு போடு போட்டு... இழுத்துட்டு வந்தா." பால்காரர், பிசியோதெரபிஸ்ட், உரக்கடைக்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. நான் பயத்தில் கைகால் ஓடாமல் நின்றேன் என்று அவரே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் அதை மறுக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கதை போய்விடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பரணி போனால் போகட்டும். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மனுஷர் இருக்கிறார் என்றால் அது மாமாதான்.

பரணிக்கு எழுதினேன். இதை யாரும் கேட்கக் கூடாது, மாமாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன், எடுக்கச் சொல் என்று. தட்டு அச்சாகிவிட்டது, எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அதன் கீழேயே இன்னொன்று: 'எக்கோ போட்டிருக்கோம், வார்த்தையெல்லாம் யாருக்கும் புரியாது. ஓவரா யோசிக்காத. ஃபேமிலி குரூப்ல லிங்க் போட்டுட்டேன்.' அதற்கும் கீழே ஒரு இதயம். அவனை நேரில் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவன் ஏமாற்றுகிறவன் இல்லை, அதுதான் கொடுமை. அவன் காதுக்கு நிஜமாகவே அது வார்த்தையாக இல்லாமல் போயிருந்தது.

ஈஸ்வரி ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரோடு வருவதாக அன்றைக்கே போன் செய்துவிட்டாள். நடுவில் மூன்று நாள் இருந்தது. தினமும் கரண்ட் வந்ததும் மாமாவும் நானும் வாய்க்காலைத் தாண்டிக் கொட்டகைக்குப் போவோம். வாய்க்காலின் மேல் இரண்டு தென்னை மரங்களைச் சேர்த்துப் பாலமாகப் போட்டிருக்கிறோம். மாமாவின் இடது கையில் கம்பு, வலது கை என் தோளில். அந்த வலது கையை என் தோள் உயரத்துக்குத் தூக்க வைக்க இரண்டு வருஷம் ஆனது. முதலில் இடுப்பு வரை, பிறகு முழங்கை, போன பொங்கலுக்குத்தான் தோள். வெள்ளிக்கிழமை பாலத்தின் நடுவில் நின்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அவராகக் கேட்பதற்குள் நானே சொன்னால் பாதியாவது மிஞ்சும் என்று ஒரு கணக்கு.

"மாமா, உங்களுக்குப் பொரையேறிச்சே ஒரு நாளு..." என்று ஆரம்பித்தேன்.

"அத... ஏன் கேக்குற" என்று அவர் கதையையே ஆரம்பித்துவிட்டார். நாலு போடு போட்டதில் வந்து முடித்துவிட்டு, "அந்தத் தட்டு... சோகேஸ்ல வையி. பேரு... தெரியற மாதிரி வையி" என்றார். நான் சரிங்க மாமா என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஈஸ்வரி வந்தாள். நீல நிற உருண்டை ஸ்பீக்கரை மாமா கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தாள். நெட் சரியில்லை என்றேன், அவள் முன்கூட்டியே டவுன்லோடு செய்து வந்திருந்தாள். மாமாவுக்கு இந்த மாதிரி இரைச்சல் ஆகாது என்றேன். "அண்ணி, ரொம்ப வெக்கப்படாதீங்க, வெளிநாட்டு பாட்டுல பேரு வந்திருக்கு, யாருக்கு வரும்" என்றாள். அவளிடம் விஷமமில்லை. பரணியை வீடியோவில் கூப்பிட்டுப் போனைத் தண்ணிச் சொம்பில் சாய்த்து நிறுத்தினாள். அங்கே இன்னும் காலை வேளை. பரணி பக்கத்தில் செம்பட்டை முடியோடு ஒரு பையன், இரண்டு கையையும் கூப்பி வணக்கம் என்றான். அவன்தான் யோரிஸாம். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். பொத்தானை நான்தான் போட்டுவிட்டிருந்தேன்.

இரண்டு நிமிஷம் கித்தார் ஓடியது. மாமா மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். ஈஸ்வரிக்குப் பொறுமையில்லை. "எங்கண்ணா அண்ணி வாய்ஸு?" என்று கேட்டாள். நான் போன் திரையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பெருமையோடு தங்கையைப் பார்த்தான்.

"பதினோராவது நிமிஷம். தள்ளி வையி" என்றான்.

முதலில் மோட்டார். மாமா நிமிர்ந்தார். "நம்ம மோட்டாரு!" என்றார், வார்த்தைகள் இரண்டும் தடையில்லாமல் ஒன்றாக வந்தன. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த ஒரு விநாடியில் நான் ஸ்பீக்கரைத் தூக்கி எறிந்திருக்கலாம், ஓடிப்போய் அணைத்திருக்கலாம், மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். என் கால் அசையவில்லை. என் குரல் வந்தது. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், ஒரு எழுத்து விடாமல் சொன்னது. எக்கோவாவது ஒன்றாவது. கடைசி வரி திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தபோது, அந்த யோரிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கூடவே பாடினான். சும்மா நின்னேன், சும்மா நின்னேன். அவனுக்கு 'ன்' சரியாக வரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பரணியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியதை நான் பார்த்தேன். நூற்றோராவது தடவையாகக் கேட்கிறான், இந்த ஒரு தடவைதான் அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான். வாயைத் திறந்தான். பிறகு கை ஒன்று திரையை மறைத்தது, அழைப்பு நின்றது. நெட் போகவில்லை, அவன்தான் அணைத்தான். கடைசியில் அதையும் என்னிடம் தனியாக விட்டுவிட்டுப் போனான்.

ஈஸ்வரி பாட்டை நிறுத்தினாள். பிறகு "அண்ணி" என்று என்னைப் பார்த்து ஏதோ ஆரம்பித்தவளை மாமா இடது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மோட்டாரு சத்தத்துல... ஒன்னும்... வெளங்கல" என்றார். அந்த இடத்தில் மோட்டார் சத்தமே இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். சோகேஸில் இருந்த தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய பேரிங்கு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "மாத்துறதுக்கு... முன்ன" என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, அந்தப் புரையேறின நாளைக் கணக்குப் பார்த்துக்கொண்டாரா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஈஸ்வரி காபிகூடக் குடிக்காமல் கிளம்பினாள். அவள் போவதற்கு முன் வழக்கமாகக் கேட்கிற கதையை அன்றைக்கு அவளும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. சாயந்திரம் சட்டையைக் கழற்றப் போனேன். இருக்கட்டும் என்றார். அந்தப் புதுச் சட்டையோடேயே படுத்தார்.

மறுநாள் காலையில் எழுந்ததிலிருந்து பரணி ஆறு தடவை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும், போன வருஷம் வைத்த தானியங்கி ஸ்டார்ட்டர் மோட்டாரை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. கட்டிலுக்குத் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் மாமா இல்லை. கம்பும் இல்லை. பாத்ரூமில் பார்த்தேன், மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். பிறகு பின்வாசலுக்கு ஓடினேன். நேற்றைய சட்டை கசங்கி, பொத்தான் பாதி அவிழ்ந்து, வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். ராத்திரித் தூறலில் தென்னை மரம் நனைந்து வழவழவென்று கிடந்தது. கம்பை அதன் மேல் ஊன்றிப் பார்த்தார், எடுத்தார், மறுபடி ஊன்றினார்.

"மாமா! நில்லுங்க மாமா!" என்று கத்தினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் நாற்றங்கால் ஒன்றுதான் இருந்தது. மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் இறங்கி ஓடினேன். "மாமா! நான் வரேன் மாமா!"

அவர் திரும்பவில்லை. இடது காலை மரத்தின் மேல் வைத்தார். அவருடைய வலது கை மெல்ல எழும்பியது, இடுப்பைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, சரியாக என் தோள் உயரத்துக்கு வந்து, பக்கத்தில் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.